பழனிக்கு நடந்து பழகியவர் வெளிநாட்டில் எங்கே நடக்கலாம்? ஷிகோகு தீவின் 88 கோவில்கள்

கேட்டவருடைய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுபது வயதைத் தொடுகிறார், ஓய்வு பெறப் போகிறார், தைப்பூசத்துக்குப் பல வருடமாகப் பழனிக்கு நடந்தே போகிறவர். வெளிநாட்டில் ஒரு பாதயாத்திரை போகவேண்டும் என்று ஆசை. யாரைக் கேட்டாலும் ஸ்பெயினில் இருக்கும் சாந்தியாகோ வழியைத்தான் சொல்கிறார்களாம். அது போகலாமா, வேறு ஏதாவது இருக்கிறதா, சைவம் சாப்பிடுகிறவருக்குச் சரிவருமா, மொழி தெரியாமல் முடியுமா, இன்னொரு மதத்தின் யாத்திரையில் நாம் போய்க் கலந்துகொள்வது முறையா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்.

சாந்தியாகோ அருமையான வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழ் கொடுக்கிறார்கள், வழி நெடுக விடுதிகள், பேச்சுத்துணைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள். ஆனால் பழனிக்கு நடந்தவர் ஒருவர் கேட்டால் நான் முதலில் சொல்வது ஜப்பானின் ஷிகோகு தீவைத்தான். அங்கே யாத்திரையை இன்றுவரை தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வழியில் குடியிருக்கும் ஜனங்கள். ஒட்டன்சத்திரம் வழியாக நடக்கும்போது முன்பின் தெரியாதவர் மோர் கொடுப்பார், காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவார், சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று கையைப் பிடித்து இழுப்பாரே, அது ஷிகோகுவில் வருடம் முழுக்க, நூற்றாண்டு நூற்றாண்டாக நடக்கிறது. உங்களுக்கு அந்த ஊரில் புரியாமல் போவதற்கு அதிகம் எதுவும் இல்லை.

முதலில் அடிப்படை. ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியது ஷிகோகு. அதைச் சுற்றி 88 பௌத்தக் கோவில்கள், எண் போட்டு வரிசையாக. எல்லாவற்றையும் நடந்து சுற்றினால் சுமார் 1,200 கிலோமீட்டர், நாற்பது முதல் அறுபது நாள் ஆகும். தொகுஷிமா மாவட்டத்தில் 1 முதல் 23 வரை, கோச்சியில் 24 முதல் 39, எஹிமேயில் 40 முதல் 65, ககாவாவில் 66 முதல் 88. நான்கு பகுதிக்கும் விழிப்பு, தவம், ஞானம், நிர்வாணம் என்று மரபில் பெயர் உண்டு. கோச்சிக்குத் தவம் என்று பெயர் வைத்தவர் நடந்து பார்த்துத்தான் வைத்திருக்கவேண்டும். கோவில்கள் பதினாறே பதினாறு, தூரமோ நான்கிலும் அதிகம். 23ஆம் கோவிலிலிருந்து 24ஆம் கோவிலுக்கு மட்டும் சுமார் 75 கிலோமீட்டர், 37க்கும் 38க்கும் நடுவே அதைவிடவும் கொஞ்சம் கூடுதல். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பசிபிக் கடல், நடுவில் சாலை, அதில் நீங்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மையம் ஒரே ஒரு மனிதர். கூகாய் என்ற துறவி, 774இல் ஷிகோகுவில் பிறந்தவர், இறந்தபின் கோபோ தாய்ஷி என்ற பட்டப்பெயரால் வணங்கப்படுகிறவர். அவர் பிறந்த இடம்தான் இப்போது 75ஆம் கோவிலான சென்ட்சூஜி. இளம் வயதில் இந்தத் தீவின் மலைகளிலும் கடற்கரைக் குகைகளிலும் தவம் செய்தார். முரோதோ முனையில், 24ஆம் கோவிலுக்குக் கீழே, அவர் உட்கார்ந்த குகை இருக்கிறது, உள்ளே நின்று வெளியே பார்த்தால் வானமும் கடலும் மட்டும்தான் தெரியும். 804இல் கப்பலேறிச் சீனா போய், சாங்கான் நகரத்தில் ஹுய்கோ என்ற குருவிடம் மந்திரமார்க்க பௌத்தம் கற்றுக்கொண்டு 806இல் திரும்பி ஷிங்கோன் மரபைத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் என்னால் போகமுடியாது. ஹுய்கோவின் குரு அமோகவஜ்ரர், அவருடைய குரு வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி (671-741) பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடலில் சீனா போனவர். காஞ்சியில் பஞ்சம் வந்தபோது மழைக்காக இவர் வழிபாடு நடத்தியதாகச் சீன வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ஷிங்கோன் மரபில் குருபரம்பரையின் எட்டுப் பேரில் இவரும் ஒருவர், பல ஷிங்கோன் கோவில்களில் அந்த எட்டுப் பேரின் படங்கள் வரிசையாக இருக்கும், அதில் இவரும் உட்கார்ந்திருப்பார். காஞ்சிபுரத்தில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கோவிலில் கோமா என்று ஒரு சடங்கு நடக்கும். போய் உட்கார்ந்து பாருங்கள், நடுவில் குண்டம், சமித்து, நெய் போல எண்ணெய், மந்திரம், எழும்பும் தீ. ஹோமம்தான் அது. கடல் தாண்டி, மொழி மாறி, ஆயிரத்து இருநூறு வருடமாக அணையாமல் நடக்கிறது.

ஆகவே இன்னொரு மதத்துக்காரர் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகப் போகலாம். யாரும் உங்கள் மதத்தைக் கேட்கமாட்டார்கள், எதிலும் கையெழுத்துப் போடச் சொல்லமாட்டார்கள். 85ஆம் கோவிலான யாகுரிஜியில் மூலவரைவிட ஊர் ஜனங்களிடம் பெயர் பெற்றவர் கங்கிதென், அதாவது யானை முகத்தவர், நம்முடைய பிள்ளையார் ஜப்பானுக்குப் போய் எடுத்துக்கொண்ட வடிவம். திருவுருவத்தைத் திரை போட்டு மறைத்தே வைத்திருப்பார்கள், சன்னதியில் முள்ளங்கிச் சின்னம் இருக்கும், வியாபாரம் நன்றாக நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ள வருவார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வளர்ந்தவருக்கு அங்கே அந்நியமாகத் தோன்றாது.

போகலாம் என்றேன், ஆனால் அவர்கள் முறைப்படி போகவேண்டும். நம்மூரில் மாலை போடுவதுபோல அங்கே உடுப்பு உண்டு. வெள்ளைச் சட்டை, கூம்பு வடிவக் கோரைத் தொப்பி, கையில் மரத்தடி. முதல் கோவிலான ரியோசென்ஜியிலேயே எல்லாம் விற்கிறார்கள். வெள்ளைச் சட்டை என்பது பிணத்துக்குப் போர்த்தும் உடை, தடி என்பது சமாதியில் நடும் அடையாளம். பழைய காலத்தில் வழியில் விழுந்து இறந்தால் அங்கேயே புதைத்து அந்தத் தடியையே நட்டுவிடுவார்கள், மலைப்பாதைகளில் பாசி பிடித்த சின்னச் சின்னக் கற்களாக அந்தச் சமாதிகளை இன்றும் பார்க்கலாம். அதே தடிதான் கோபோ தாய்ஷியும். தனியாக நடக்கிறவனோடு அவர் தடியாகக் கூட வருகிறார் என்பது நம்பிக்கை, தொப்பியிலும் இருவர் சேர்ந்து போகிறோம் என்றே எழுதியிருக்கும். அதனால் தங்குமிடத்துக்குப் போனதும் உங்கள் காலைக் கழுவுமுன் தடியின் காலைக் கழுவவேண்டும். பாலத்தின் மேல் தடியை ஊன்றக்கூடாது. எஹிமேயில் ஓசு என்ற ஊரில் தங்க இடம் கிடைக்காமல் கோபோ தாய்ஷி ஒரு பாலத்தடியில் படுத்தாராம், அந்த ஒரு ராத்திரி பத்து ராத்திரியாக நீண்டதாம். எந்தப் பாலத்தடியில் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறாரோ என்று ஷிகோகு முழுக்க யாத்ரீகர்கள் பாலம் வந்ததும் தடியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். நெடுஞ்சாலையில் கான்கிரீட் பாலமாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு வாரம் நடந்தபிறகு கை தானாகவே தடியைத் தூக்கிக்கொள்ளும்.

கோவிலில் செய்யவேண்டியதும் சிக்கல் இல்லை. வாசலில் வணங்கி, கை கழுவி, வாய் கொப்பளித்து, மணி அடிக்கும் வழக்கம் உள்ள இடத்தில் ஒரு முறை அடிக்கலாம், ஆனால் திரும்பும்போது அடிக்கக்கூடாது. மூலவர் மண்டபம், கோபோ தாய்ஷி மண்டபம் இரண்டிலும் மெழுகுவர்த்தி, மூன்று ஊதுபத்தி, உங்கள் பெயர் எழுதிய பெயர்ச்சீட்டு, காணிக்கை, பிறகு இதய சூத்திரம் என்ற பௌத்தப் பாராயணம். மெழுகுவர்த்தியை மேல் வரிசையில், உள்பக்கமாக வைக்கவேண்டும், பின்னால் வருகிறவர் கை சுடாமல் இருக்க. அடுத்தவர் ஏற்றிய சுடரிலிருந்து உங்களுடையதை ஏற்றக்கூடாது, அவருடைய வினை ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். சூத்திரம் தெரியாவிட்டால் அமைதியாக நின்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், தேவாரம் பாடினாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், மெதுவாகப் பாடவேண்டும், அவ்வளவே.

வழிபாடு முடிந்தபிறகுதான் முத்திரை, வந்து வணங்கியதற்கு அடையாளமாக ஒவ்வொரு கோவிலிலும் யாத்திரைப் புத்தகத்தில் வாங்குவது. பாஸ்போர்ட் முத்திரை மாதிரி டக்கென்று குத்தி அனுப்பும் வேலை இல்லை இது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் உங்கள் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்குவார், சரியான பக்கத்தைத் திறந்து மூன்று சிவப்பு முத்திரைகளை அழுத்துவார், பிறகு தூரிகையை மையில் தோய்த்து மூலவரின் பெயரை ஒரே மூச்சில் எழுதுவார். நடுவில் ஓர் எழுத்து மட்டும் சீன எழுத்தாக இருக்காது, உற்றுப் பாருங்கள், அது சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து, அந்தந்தத் தெய்வத்தின் பீஜ மந்திரம். ஈரம் காயாத மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமலிருக்க நடுவே ஒரு தாளை வைத்து மூடித் திருப்பிக் கொடுப்பார். 2024 ஏப்ரலிலிருந்து ஒரு முத்திரைக்கு 500 யென், அதற்குமுன் 300ஆக இருந்தது. அலுவலகம் காலை 8 முதல் மாலை 5 வரை. ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான், மூன்று நிமிடம் தாமதமாகப் போய் மறுநாள் காலைவரை அதே ஊரில் காத்திருந்தவர்கள் உண்டு, அதனால் அன்றன்றைய நடையை மாலை நாலரைக்கு முடிவதுபோலப் போட்டுக்கொள்ளுங்கள். முழுதாக நிரம்பிய புத்தகத்தை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, இறந்தபின் கூடவே பெட்டிக்குள் வைத்து அனுப்பும் வழக்கம் அங்கே இருக்கிறது.

இப்போது நான் முதலில் சொன்ன ஜனங்களுக்கு வருகிறேன். யாத்ரீகருக்கு வழியில் கொடுக்கும் கொடைக்கு ஒசெத்தாய் என்று பெயர். ஆரஞ்சு, மிட்டாய், குளிர்ந்த தேநீர், சில சமயம் கையில் காசு, மழையென்றால் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்ற அழைப்பு. சைக்கிளில் உங்களைக் கடந்துபோன ஒரு பாட்டி, கொஞ்ச தூரம் போய் நின்று, திரும்பி வந்து, கூடையிலிருந்து நான்கு ஆரஞ்சை எடுத்து இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்து வணங்கிவிட்டுப் போவார். நமக்கு உடனே வரும் பழக்கம், ஐயோ வேண்டாம், பரவாயில்லை என்று மறுப்பது. அங்கே மறுக்கக்கூடாது. அந்தப் பாட்டியால் இனி நடக்கமுடியாது, உங்கள் வழியாக அவர் நடக்கிறார், அந்தக் கொடை உங்களுக்குள் இருக்கும் கோபோ தாய்ஷிக்குப் போகிறது. வாங்கிக்கொண்டு, உங்கள் பெயர்ச்சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்து வணங்கவேண்டும். வெள்ளைச்சீட்டு முதல் நான்கு சுற்று வரை நடப்பவருக்கு, பிறகு பச்சை, சிவப்பு, வெள்ளி, தங்கம் என்று போய், நூறு சுற்றுக்கு மேல் போனவர்களுக்குப் பட்டுத்துணிச் சீட்டு. யாராவது பட்டுச்சீட்டு கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதை அதிர்ஷ்டம் என்று கேட்டு வாங்குகிறவர்களே உண்டு. நகட்சுகசா மொஹெய் என்பவர் 1922இல் இறக்கும்வரை 280 சுற்று நடந்தார், அவர் நட்ட வழிகாட்டிக் கற்தூண்கள் இருநூறுக்கு மேல் இன்னும் நிற்கின்றன, அதில் செதுக்கியிருக்கும் கை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் நாமும் இன்றைக்குத் திரும்புகிறோம்.

எல்லாமே கனிவாக இருந்தது என்று நினைத்துவிடவேண்டாம். பழைய கோச்சியான தோசா நாட்டில் யாத்ரீகர்களுக்குக் கெடுபிடி அதிகம், குறிப்பிட்ட சோதனைச்சாவடி வழியாகத்தான் நுழையவேண்டும், வெளியேறவேண்டும். தோசா பேய்நாடு, அங்கே தங்க வீடில்லை என்று சொல்வழக்கே இருந்தது. அப்புறம் தொழுநோயாளிகள். குடும்பம் வெளியே அனுப்பிவிட்ட பிறகு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டு, விழும்வரை சுற்றிக்கொண்டே இருந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டு அவர்களைப் பிடித்து அடைத்தார்கள், தகாமத்சு நகருக்கு எதிரே ஓஷிமா என்ற சின்னத் தீவில் 1909இல் தொடங்கிய இல்லம் ஒன்று இருக்கிறது. வெளியே போகமுடியாதவர்களுக்காக அந்தத் தீவுக்குள்ளேயே 88 கல் உருவங்கள் வைத்துச் சின்னதாக ஒரு யாத்திரை வழி. தனிமைப்படுத்தும் அந்தச் சட்டம் 1996இல்தான் ரத்தானது. ஆரஞ்சு கொடுக்கும் பாட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

கொடை கொடுக்க மறுத்தவன் கதையும் அந்த வழியிலேயே இருக்கிறது. எமோன் சபுரோ என்ற பணக்காரர், வாசலில் பிச்சைக்கு வந்த துறவியை விரட்டி, அவருடைய திருவோட்டைத் தட்டிவிட்டார், ஓடு எட்டுத் துண்டானது. அடுத்தடுத்து அவருடைய எட்டுப் பிள்ளைகளும் இறந்தார்கள். வந்தவர் யார் என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கத் தேடிக்கொண்டு தீவை இருபது முறை சுற்றினார், பார்க்கமுடியவில்லை. இருபத்தொன்றாவது முறை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார், 12ஆம் கோவிலான ஷோசன்ஜிக்குக் கீழே மலைப்பாதையில் விழுந்து உயிர் போகும் நேரத்தில் கோபோ தாய்ஷி முன்னால் வந்து நின்றார். அந்த இடத்தில் ஒரு சின்னக் கோவிலும் இருவருக்கும் சிலையும் இருக்கின்றன. இந்தக் கதையை வைத்துத்தான் லீப் வருடங்களில் 88இலிருந்து தலைகீழாக நடந்தால் பலன் அதிகம் என்கிறார்கள். ஆனால் முதல் தடவை போகிறவர் தலைகீழாகப் போகவேண்டாம், வழிக்குறிகள் எல்லாம் நேர்வழிக்காக வைத்தவை, திணறிப்போவீர்கள்.

ஷோசன்ஜி என்றதும் உடம்பு பற்றிச் சொல்லவேண்டும். 11லிருந்து 12க்குப் போகும் பாதை சுமார் 13 கிலோமீட்டர்தான், ஆனால் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். யாத்ரீகரை உருட்டிவிடும் மலை என்று அதற்குப் பட்டப்பெயர். முக்கால் பங்கு ஏறி, கல்படிகளின் மேலே பிரம்மாண்டமான தேவதாரு மரத்தடியில் நிற்கும் கோபோ தாய்ஷி சிலையைப் பார்த்துவிட்டு, வந்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். அப்புறம்தான் ஏறியதில் பாதியை இறங்கி, ஒரு குக்கிராமத்தைத் தாண்டி, மறுபடி அதே அளவு ஏறவேண்டியிருக்கும். விடியலில் கிளம்புங்கள், கையில் சாப்பாடு, தண்ணீர் இருக்கட்டும், வழியில் கடை கிடையாது. பழனிக்கு நடந்த கால் என்பதால் தூரம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, பிரச்சினை முதுகில் இருக்கும் பை. ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். மலைப்பாதைகள் தவிர மற்றபடி பெரும்பகுதி தார்ச்சாலை, கொப்புளம் வராத காலணியைச் சென்னையிலோ கோவையிலோ வாங்கி இரண்டு மாதம் போட்டு நடந்து பழகிவிட்டு வாருங்கள். சுரங்கப்பாதைகளில் லாரி ஓரமாக உரசிப்போகும், ஒளிரும் பட்டை ஒன்று கட்டாயம். போக நல்ல காலம் மார்ச் கடைசி முதல் மே வரை, இல்லையென்றால் அக்டோபர், நவம்பர். ஜூன் மழை, ஆகஸ்ட் வெக்கை, செப்டம்பர் புயல்.

சாப்பாடு. இதில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை, சைவத்துக்கு ஷிகோகு கஷ்டமான இடம். பௌத்தக் கோவில் என்றால் சைவமாகத்தான் இருக்கும் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டு போவார்கள், கோவில் விடுதியில் தட்டில் மீன் வரும். கோச்சியின் பெருமையே மீன்தான், ககாவாவின் பெருமையான உதோன் நூடுல்ஸ் குழம்பு காய்ந்த நெத்திலியில் கொதித்தது. கண்ணுக்கு மீன் தெரியாவிட்டாலும் தாஷி என்ற மீன்சாறு சூப், குழம்பு, வேகவைத்த காய்கறி என எல்லாவற்றிலும் இருக்கும். இறைச்சி, மீன், முட்டை, தாஷி எதுவும் சாப்பிடமாட்டேன் என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கையில் வையுங்கள். விடுதியில் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடவேண்டும், வந்து உட்கார்ந்தபிறகு சொன்னால் அவர்கள் தவித்துப்போவார்கள், உங்களுக்குச் சோறும் ஊறுகாயும்தான் கிடைக்கும். வழியில் உப்புச்சோற்று உருண்டை, வாழைப்பழம், தோஃபு, வேர்க்கடலை, ஆரஞ்சு என்று ஓட்டலாம். தொகுஷிமா, கோச்சி, மத்சுயாமா, தகாமத்சு போன்ற நகரங்களில் இந்திய, நேபாள உணவகங்கள் உண்டு. பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் வெள்ளைச்சோறு எங்கும் கிடைக்கும், அதுதான் நடைமுறையில் சரிவரும் வழி. முழுச் சைவச் சமையல் வேண்டுமென்றால் ஷிகோகுவுக்கு வெளியே, கூகாய் நிறுவிய மலைக்கோவில் ஊரான கோயாசானின் கோவில் விடுதிகளில் சாப்பிடலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

தங்க, குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகள்தான் முதுகெலும்பு. இரவு, காலை இரண்டு வேளைச் சாப்பாட்டோடு 8,000 முதல் 10,000 யென் வரை ஆகலாம். நடத்துகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, போன வருடம் இருந்த விடுதி இந்த வருடம் மூடியிருக்கும். பல இடங்களில் தொலைபேசியில்தான் பதிவு, அதுவும் ஜப்பானிய மொழியில். இன்றைக்குத் தங்கும் விடுதியில் நாளைய விடுதிக்குப் பேசித் தரச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்துவிடாதீர்கள், உங்களுக்காக ஒருவர் சமைத்து வைத்துவிட்டு இருட்டும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பணமாகவே வைத்துக்கொள்ளுங்கள், கிராமங்களில் அட்டை செல்லாது. முழுச் சுற்று நடந்தால் தங்கல், சாப்பாடு, முத்திரை எல்லாம் சேர்த்து, விமானச் செலவு நீங்கலாக, மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் கணக்கு வைப்பது நல்லது. அதில் 88 முத்திரைக்கு மட்டும் 44,000 யென். மொழி தெரியாதது பெரிய தடை இல்லை, கைபேசி மொழிபெயர்ப்பும் சிவப்பு அம்புக்குறி ஒட்டிய மின்கம்பங்களும் போதும், ஆங்கிலத்தில் வரைபடப் புத்தகமும் கிடைக்கிறது. விசாவில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள், பயணத்திட்டத்தை நாள் வாரியாக எழுதி விண்ணப்பத்தோடு கொடுங்கள்.

ஆனால் முதல் தடவையே முழுச் சுற்று போகாதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்வது. இந்த வழிக்குச் சாந்தியாகோ மாதிரி போய்ச் சேரும் ஊர் கிடையாது. வட்டம் அது, எங்கே தொடங்கினாலும் எங்கே நிறுத்தினாலும் குறை இல்லை. ஜப்பானியர்களே பலர் வருடத்துக்கு ஒரு வாரமாகத் துண்டு துண்டாக நடந்து பல வருடத்தில் முடிக்கிறார்கள், நானும் அப்படிப் பகுதி பகுதியாகத்தான் நடந்தேன். 88ஐயும் முடித்தே ஆகவேண்டும் என்று கிளம்புகிறவர்கள் தினமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறார்கள், பாட்டி கொடுக்கும் ஆரஞ்சை நின்று சாப்பிட அவர்களுக்கு நேரம் இருக்காது. பேருந்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் எல்லாக் கோவிலையும் பார்த்துவிடலாம்தான், நடக்கமுடியாதவர்களுக்கு அதுவும் மரியாதையான யாத்திரையே. கால் இருக்கிற உங்களுக்கு அது வேண்டாம்.

என் யோசனை, கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் தொகுஷிமா போய், 1 முதல் 23 வரை நடப்பது. பத்து நாள் வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் போகும். முதல் பத்துக் கோவில்கள் சமவெளியில் நெருக்கமாக இருக்கின்றன, உடம்பும் முறைகளும் பழகிவிடும், பிறகு ஷோசன்ஜி மலை, பிறகு 20, 21 என்று அடுத்தடுத்து இரண்டு மலைக்கோவில்கள், கடைசியில் கடலோரத்தில் 23ஆம் கோவிலான யாக்குவோஜி. கண்டம் கழிக்கும் கோவில் அது. பெண்களுக்கு 33 படி, ஆண்களுக்கு 42 படி, அதற்கு மேலே அறுபது வருடச் சுற்றை முடித்தவர்களுக்கு 61 படி, படிக்கு ஒரு காசு வைத்துக்கொண்டே ஏறுவார்கள். மணிவிழா வருடத்தில் போகிறீர்கள், ஒரு யென் காசுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து ரயிலில் தொகுஷிமா திரும்பி, மீதி இருக்கும் நாட்களில் கோயாசான் போய்வாருங்கள். சுற்றை முடித்தவர்கள் நன்றி சொல்லப் போகும் இடம் அது, பாதியில் நிறுத்தியவர் போகக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குத் தேவதாரு மரங்களுக்கு நடுவே லட்சக்கணக்கான சமாதிகள், கடைசியில் கோபோ தாய்ஷியின் சன்னதி. 835இல் அவர் இறந்துவிட்டார் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, உள்ளே தியானத்தில் இருக்கிறார் என்கிறார்கள், தினமும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் துறவிகள் அவருக்குச் சாப்பாடு சுமந்துகொண்டு போகிறார்கள். மற்ற நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கப் பாடுபடவேண்டும். பழனியில் போகர் சன்னதியில் நின்று கும்பிட்டவருக்கு ஜீவசமாதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்னும் ஒன்று. யாக்குவோஜியில் கால் நன்றாக இருந்தால், கையில் நான்கு நாள் மிச்சம் இருந்தால், ரயில் ஏறாமல் முரோதோ வரை நடந்துவிடுங்கள், கோயாசானை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த 75 கிலோமீட்டரில் 88இல் சேர்ந்த கோவில் எதுவும் வராது, விடுதிகளும் குறைவு, முன்கூட்டியே பதிவு செய்திருக்கவேண்டும். என்னைக் கேட்டால் அந்த வழி முழுவதிலும் மிகச் சிறந்த பகுதி அதுதான்.